அக்கா சொல்லிப் பார்த்த வாக்கியங்கள்

போன வெள்ளிக்கிழமை காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த மூத்தார், என் கணவரின் அண்ணன், திரும்பிவந்து கடைப்படியில் உட்கார்ந்தார். கால் கழுவாமல் படியேறாத மனிதர் அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இனிமே கஞ்சி கொண்டுபோக வேணாம்மா" என்றார்.

அவருடைய மனைவியும் என் ஓரகத்தியுமான வள்ளியம்மை அக்கா போய்விட்டார். காய்ச்சல் பரவுகிற காலம் என்று வார்டுக்குள் எங்களை விடவில்லை. கடைசியாக என்ன கேட்டார், யாரைக் கூப்பிட்டார் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த மட்டும் எழுதுகிறேன். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அக்கா பதுளைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஜவுளிக்கடையின் பின்கட்டில் எங்கள் குடித்தனம். பிள்ளையில்லாத குறையை அவர் யாரிடமும் பேசியதில்லை. கடைக்குத் துணி வாங்க வந்த வெள்ளைக்கார மிஷன் அம்மாள் ஒருத்தர், குடைக்காம்பால் சுட்டிக்காட்டியே வியாபாரம் முடிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அவருடைய இங்கிலீஷ் பேச்சைக் கற்க ஆசை வந்தது. வாரம் ஒரு தரம் வீட்டுக்கே வந்து சொல்லித்தர அந்த அம்மாளும் ஒப்பினார்.

"வேதத்துல சேத்துடப் போறாங்க" என்று மூத்தார் பயந்தார்.

"அவங்க சாமிய அவங்க பாத்துக்கிடட்டும், நம்ம சாமிய நான் பாத்துக்கிடறேன். பேச்ச மட்டும் வாங்கிக்கிடறேன்" என்றார் அக்கா.

வாரத்துக்கு ஒரே ஒரு பிரயோகம்தான் பாடம். அதை வைத்து நம் வீட்டில் கண்ணால் கண்டதைப் பற்றி வாக்கியங்கள் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வாரம் வந்ததுதான் 'லுக் ஆஃப்டர்'. 'லுக்' என்றால் பார்ப்பது. கூடவே 'ஆஃப்டர்' சேர்ந்தால் கவனித்துப் பராமரிப்பது.

"நம்ம பேச்சு மாதிரியேதான் இருக்கு தங்கச்சி. பாக்குறது வேற, பாத்துக்கிடறது வேற" என்று அக்கா சந்தோஷப்பட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. "மை ஹஸ்பெண்ட் லுக்ஸ் ஆஃப்டர் தி ஷாப்." என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். "மை சிஸ்டர் லுக்ஸ் ஆஃப்டர் தி கிச்சன்." அது நான். "நோபடி லுக்ஸ் ஆஃப்டர் தி கேட்." பூனையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லையாம்.

"ஏன் அக்கா, அந்தப் பூனைக்கு இங்க என்ன குறை?"

"குறை இல்லேன்னா எனக்கு வாக்கியம் வராதே."

அப்போதுதான் கருப்பாயி வந்தாள். லுணுகலைப் பாதையில் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தீபாவளித் துணிக்கு எங்கள் கடைக்குத்தான் வருவாள். அவள் புருஷன் இருமி இருமி இரத்தம் துப்பினான். வேலைக்கு ஆகாதவன் என்று கடல் தாண்டி ஊருக்கு அனுப்பிவிடத் தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டாராம்.

"அவர மட்டும் வண்டியேத்தப் போறாங்கம்மா. என்னய விடமாட்டாங்களாம். பண்டாரவளை ரயிலடி வரைக்கும்கூட அந்த உசுரு தாங்காதும்மா. நான் பக்கத்துல இருந்தா ரெண்டு வாய் கஞ்சியாவது குடிப்பாரு."

"கங்காணிகிட்ட சொன்னியா?"

"தொரைகிட்ட சொன்னேங்கிறாரு. என்னத்தச் சொன்னாரோ."

"நான் வந்து சொல்றேன்" என்றார் அக்கா. கடைவீட்டுப் பெண்கள் பங்களாவுக்குப் போகிற வழக்கமில்லை. மூத்தார் முகம் சுளித்தார். ஆனாலும் வண்டி கட்டச் சொன்னார். துணைக்கு நான் போனேன்.

வழியெல்லாம் அக்கா வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். போனதும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"கதிர்காமத்துக்குப் போனா எடுத்ததும் வரமா கேப்ப? மொதல்ல பாடணும். மனசு குளிரணும். பெறகுதான் கேக்கணும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது.

பங்களாப் படியில் எலுமிச்சம்பழங்களை வைத்துக் கும்பிட்டு, "சார், யூ லுக் ஆஃப்டர் தி எஸ்டேட் வெரி வெல்" என்றார் அக்கா. தோட்டத்தை நீங்கள் மிக நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். தொரை புகைத்துக்கொண்டிருந்த சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். சிரித்தார். உள்ளே திரும்பித் தொரைசாணியைக் கூப்பிட்டார். இன்னும் சொல், இன்னும் சொல் என்று கையை அசைத்தார். அக்கா கடையைச் சொன்னார், என்னைச் சொன்னார், பூனையைச் சொன்னார். பூனைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனசு குளிர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அக்கா கைகூப்பினார். "சார், ப்ளீஸ் லுக் ஆஃப்டர் கருப்பாயிஸ் ஹஸ்பெண்ட். ஹி இஸ் சிக். டூ நாட் செண்ட் ஹிம்." கருப்பாயி புருஷனைப் பார்த்துக்கொள்ளுங்கள், நோயாளி, அனுப்பாதீர்கள்.

"வெரி குட்" என்றார் தொரை, பூனைக்குச் சிரித்த அதே குரலில். தொரைசாணி ஒரு பிஸ்கோத்துத் தகரத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா திரும்பவும் சொன்னார். தொரை எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

கீழே நின்ற கணக்கப்பிள்ளையிடம் அக்கா கேட்டார்: "நான் சொன்னது அவருக்கு வெளங்குச்சாங்க?"

"நீங்க பேசுன இங்கிலீசுல ஒரு குத்தமும் இல்லேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

தொரை அந்த 'வெரி குட்'டைப் பாடம் என்று எண்ணிச் சொன்னாரா, விளங்கியே சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தடிக்கு வந்தபோது கருப்பாயி புருஷனை ஏற்றிய வண்டி புறப்பட்டுவிட்டது. வளைவு வரைக்கும் கூடவே ஓடிய கருப்பாயியைக் கங்காணி மறித்து நிறுத்தினார். அக்கா ஓடிப்போய்ப் பிஸ்கோத்துத் தகரத்தை வண்டிக்குள் வைத்தார். அதைத் தொட அந்த மனிதனுக்குக் கை எழவில்லை.

அடுத்த தடவை கருப்பாயி கடைக்கு வந்தபோது வெள்ளைச் சேலை கேட்டாள். மூத்தார் விலை சொல்லாமலே மடித்துக் கொடுத்தார்.

மிஷன் அம்மாளிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஜெபம் செய்கிறேன் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் அதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்று அக்கா தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பாடத்தை அவர் விடவில்லை. ஆனால் அன்றிரவு விளக்கேற்றிவிட்டு அவர் சொன்னதை நான் மறக்க முடியாது: "பேசத் தெரியாம இருந்தாலாவது, தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமேன்னு நெனச்சுக்கிடலாம் தங்கச்சி. இப்ப எத நெனச்சுக்கிடறது?"

அந்தக் கேள்வியை முருகன் சந்நிதியிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அக்காவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து சற்று நேரம் மட்டும் கூடத்தில் கிடத்த விட்டார்கள். மிஷன் அம்மாள் வந்தார். தமிழில் அவருக்கு வாங்க, போங்க தவிர ஒன்றும் வராது. என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். முடிவில் ஏதோ கேட்டார். கேள்விதான் என்று குரலிலிருந்து தெரிந்தது. அவர் பேசுவதை அக்காதான் எங்களுக்குத் தமிழில் சொல்வார்; அந்தப் பழக்கத்தில் மூத்தாரும் நானும் கூடத்தில் நின்ற எல்லோருமாக அக்கா பக்கம் திரும்பினோம்.

போய் வாருங்கள், அக்கா. அந்த அம்மாளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.