லம்பேட் வைத்துப்போன பெயர்ப்பட்டியல்

லம்பேட் போய்விட்ட செய்தியை யோகன்தான் தொலைபேசியில் சொன்னார். மன்னாரில் எங்கள் கந்தோரில், அந்த அரச அலுவலகத்தில், அவர் பியோனாக இருந்தவர். "சேர், எங்கட லம்பேட் போயிட்டார். சேர்ச்சில பூசை முடிஞ்சு வந்து கதிரையில இருந்தவராம், பிறகு எழும்பேல்லை. நாளைக்குப் பின்னேரம் அடக்கம். வாங்கோ." வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. ஏன் என்று, அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போர் முடிந்து சனம் ஊர் திரும்பிய மீள்குடியேற்றக் காலத்தில் அந்தக் கந்தோருக்கு நான் பொறுப்பு. லம்பேட் ஒப்பந்தத்தில் வந்த கணினி இயக்குநர். நன்கொடையாகக் கிடைத்த கணினிகளில் இருந்த மென்பொருள் அனுமதிக்காலம் முடிந்து, காசு கட்டினால் தரும் திறப்பு இலக்கத்தைக் கேட்டு அடம்பிடித்தது. லம்பேட் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வேறு மென்பொருளை ஏற்றினார். "களவோ?" என்று கேட்டேன். சிரித்தார். "இல்லை சேர். செய்தவங்களே திறந்து விட்டிருக்கிறாங்கள். ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம்." அதைக்கொண்டே, திரும்பி வரும் குடும்பங்களைப் பதிய ஒரு செயலியைத் தமிழில் செய்தார். கரண்ட் இல்லாத நாட்களில் ஜெனரேற்றருக்கு யோகன் டீசல் சுமந்து வருவார்.

வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிப் பிழை கேட்பது அவர் பழக்கம். வேலை கெடுகிறதே என்று எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பியிருந்த ரகுமா என்ற அம்மா உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறந்த ஊர் கேக்குறீங்க, இப்ப இருக்கிற ஊர் கேக்குறீங்க. நடுவுல இருபது வருசம் அகதியா புத்தளத்துல கிடந்தமே, அத எங்க எழுதுற?" லம்பேட் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் அதற்கு ஓர் இடம் போட்டுக் கொடுத்தார்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. திறந்த மூல மென்பொருளுக்கு அரசு ஆதரவு தரும். கந்தோர்களில் செய்தவற்றைப் பொறுப்பதிகாரியின் சிபாரிசோடு அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள், செய்தவருக்கும் வேலை நீடிக்கும். லம்பேட் நான் கையெழுத்து வைக்கவேண்டிய சிபாரிசை ஒரு பக்கக் கடிதமாகத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்தார். மேலிடம் வேறொரு மென்பொருளை விலைக்கு வாங்க நினைத்திருந்தது எனக்குத் தெரியும். என் பதவி உயர்வும் அவர்கள் கையில். "பாப்பம், லம்பேட்" என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். மூன்று தரம் வந்து கேட்டார். "ஒரு கையெழுத்துத்தானே, சேர்." நான் பயந்தேன். இறுதித் திகதி போனது, அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. விலைக்கு வந்த மென்பொருளில் புத்தளத்துக்கு இடமில்லை. ரகுமா அம்மா மறுபடியும் வரிசையில் நின்றார்.

சில வருடங்களுக்குப் பின், மன்னார் பஸ் நிலையத்தடியில் அவர் போட்டிருந்த போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "இருங்கோ சேர்" என்று தன் கதிரையைத் தந்து தேநீர் எடுப்பித்தார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்தபின் அவருடைய மகள், வீட்டிலிருந்த பழைய கணினியைப் போட்டுக் காட்டினார். "அப்பா கடைசி மட்டும் இதைத் திருத்திக்கொண்டுதான் இருந்தவர், சேர்." அதே செயலி. கடைசிப் பக்கத்தில் 'உதவியவர்கள்' என்று ஒரு பட்டியல். யோகன்: டீசல் சுமந்தவர். ரகுமா: நடுவில் இருந்த ஊரைக் கேட்டவர். அதன்கீழ் என் பெயர்: வேலை செய்ய விட்டவர்.

ஆரும் திருத்தலாம் என்றுதான் அவர் அதைத் திறந்து வைத்திருந்தார். அந்த வரியை எடுத்துவிடு பிள்ளை என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்படியே இருக்க விட்டேன். நான் கையெழுத்து வைக்காத அவருடைய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அந்த வரியும்.