சலூனிலிருந்து ஓடியவன்

என் கொலைகாரனை மாலூர் வருவதற்குள் பிடித்துவிடுகிறார்கள். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கதையை, மாரிகுப்பத்தில் காலை ரயில் கிளம்பியதும் சொல்லத் தொடங்குவேன். எதிர் சீட்டில் ஒரு ஃபிட்டர். ஒயிட்ஃபீல்டில் ஏதோ கம்பெனியில் வேலை. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் வரை வாயை மூடிக்கொண்டிருப்பான். பங்காருபேட்டையில் ஒரு டீ குடிப்பான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியாது.

"டாக்டரு தானேண்ணா?"

"முழுசா கேளு."

"கேட்டுக்கினுதான் கீறேன். டாக்டரு தான். அவனப் பத்தி சொல்றப்ப மட்டும் நீ ஜன்னலுக்கு வெளிய பாக்கிற."

வீட்டுக்கு வந்து டாக்டரை விட்டுவிட்டு வேறு ஒருவனைக் கொலைகாரனாக்குவேன். மறுவாரம் அவனையும் பிடிப்பான். இப்படி மூன்று முறை தோற்ற பிறகு நாலாவதாக நிற்கிற கதையைத்தான் சென்னைக்கு அனுப்புவது வழக்கம். அங்கே ஒரு பதிப்பகம் மாத நாவல் போடுகிறது. வருஷத்துக்கு இரண்டு என்னுடையவை. மற்ற நேரத்தில் ஒயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு குடோன் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறேன். அதுவும் எழுத்து வேலைதான் என்று ஃபிட்டர் சொல்வான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடுவதற்கு முன்பே நான் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். ஓசூரில் லேத் பட்டறை, கோவாவில் ஓட்டல், சூரத்தில் சாயப் பட்டறை. எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சூரத்தில் எங்களோடு தங்கியிருந்த சேலத்துக்காரர் ஒருவரிடம் ஒரு மூட்டை பழைய மாத நாவல் இருந்தது. நிறைய புத்தகங்களில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. யார் கொன்றது என்று நானே முடித்துக்கொள்வேன். எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

நாலு கலர் பேனா ஒன்றில் எழுதுகிறேன். யார் பொய் சொன்னாலும் அந்த வரி சிவப்பு. அப்படி எழுதாவிட்டால், எவன் என்ன பொய் சொன்னான் என்று பத்தாவது அத்தியாயத்தில் எனக்கே மறந்துவிடும். எழுதிய பக்கங்களை போனில் படம் எடுத்து அனுப்புவேன். அங்கே டைப் செய்கிற பெண்ணுக்கு என் சிவப்பு நன்றாகப் பழகிவிட்டது. கொலைகாரன் யார் என்று முதலில் தெரிந்துகொள்வது தான்தான் என்று ஒருமுறை எழுதி அனுப்பினாள். அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

இத்தனை நாவல்களில் ஒன்றுகூட எங்கள் ஊரில் நடந்ததில்லை. ஊட்டியில் நடந்தது, ஏற்காட்டில் நடந்தது, நான் போகாத கொடைக்கானலில் இரண்டு முறை நடந்தது. போன வருஷம்தான் எங்கள் ஊரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஏனென்றால் இந்த ஊரைத் தவிர வேறெங்கும் கிடைக்காத ஒரு தடயம் என்னிடம் இருந்தது.

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். ஸ்கெலட்டன் என்று எங்கள் பகுதிக்குப் பெயர். சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையை லைன் என்போம், எங்கள் லைன் கோடியில் ஒரு சலூன். முடி வெட்டிக்கொள்ள பெஞ்சில் காத்திருந்தேன். அப்போது பூமி குலுங்கியது. சுரங்கத்தின் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், மேலே ஊரே ஆடும். ராக்பர்ஸ்ட் என்று சொல்வார்கள். அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. கடைக்காரர் கத்தியைத் தாடையிலிருந்து அரை அங்குலம் எடுத்துப் பிடித்திருந்தார். நாற்காலியில் இருந்தவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "தூரத்துல," என்றார். கத்தி மறுபடி தாடையில் இறங்கியது.

இதுதான் என் தடயம். நாவலில் லைன் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். அன்று மத்தியானம் பூமி குலுங்கியிருக்கிறது. லைனில் எல்லோரும் அவரவர் வாசலில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், வெளியாள் ஒருவரும் உள்ளே வரவில்லை என்று ஏழு வீட்டுப் பெண்கள் சாட்சி சொல்கிறார்கள். பல வருஷம் கழித்து ஊர் திரும்பியிருக்கிற அவளுடைய அண்ணன் மகனை யாரும் சந்தேகப்படவில்லை, அவன் இந்த மண்ணில் பிறந்தவன். ஆனால் பூமி குலுங்கியபோது அவன் சலூன் நாற்காலியிலிருந்து சோப்பு நுரையோடு எழுந்து ஓடினான். கடைசி அத்தியாயத்தில் கடைக்காரர் சொல்கிறார்: இங்கே பிறந்தவன் ஓடமாட்டான். அவன் அண்ணன் மகனே இல்லை, அவள் வீட்டை அபகரிக்க வந்த வேறு எவனோ.

இந்த ஒரு கதையை மட்டும் நான் வண்டியில் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் 'ஓடினான்' என்ற சொல்லைக் கேட்டதுமே பிடித்துவிடுவார்கள், அதனால் இந்தச் சோதனை இதற்குப் பொருந்தாது என்று நினைத்துக்கொண்டேன். நேராகச் சென்னைக்கு அனுப்பினேன்.

அங்கே ஆசிரியர் என்னைவிட இருபது வயது சின்னவர். போன் செய்தார்.

"சார், பூகம்பம் வந்தா எல்லாரும்தானே ஓடுவாங்க? ஓடினவன் மேல எதுக்குச் சந்தேகம்?"

"இது பூகம்பம் இல்லீங்க. எங்க ஊர்ல இது தினம் நடக்கிற விஷயம்."

"வாசகருக்கு அது தெரியாதே சார்."

தெரிகிற மாதிரி எழுதினேன். இரண்டு பக்கம் சேர்த்தேன். அது பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார். வெட்டினேன். மறுபடி புரியவில்லை என்றார். சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காதவனிடம் என்ன பேசுவது என்று கேட்டில் நின்று தனியாகத் திட்டினேன். லாரி டிரைவர் ஒருவர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று இறங்கி வந்துவிட்டார். மூன்றாம் முறை எழுதி அனுப்பிய பிறகு ஆசிரியர் இறங்கி வந்தார். "சரி சார், உங்க ஊரு, உங்களுக்குத்தான் தெரியும்." அட்டைப் படம் வரைந்தாயிற்று. நுரை முகத்தோடு ஒருவன் ஓடுகிறான், பின்னால் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். அடுத்த மாதம் வருகிறது என்று அந்த மாத இதழிலேயே விளம்பரமும் போட்டுவிட்டார்கள்.

ஃபிட்டர் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டான்.

"இன்னாண்ணா, நம்ம ஊருக் கதையா? எங்களாண்ட சொல்லாமயே அனுப்பிட்ட?"

இனி ஒன்றும் கெட்டுப்போகாது என்று கதையைச் சொன்னேன். நுரையோடு ஓடுகிற இடம் வந்ததும், நான் நினைத்த மாதிரியே, "ஓடுனவன்தான்," என்றான். "நம்ம ஆளு எவன் ஓடுவான்?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதைச் சென்னைக்காரர் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் சீட்டில் ஜன்னலோரம் ஒரு அக்கா வருவார். கன்டோன்மென்ட்டில் இறங்கி ஒரு ஆபீசில் கூட்டித் துடைக்கிற வேலை. அறுபதைத் தாண்டியவர், ஸ்கெலட்டன்தான். கணவர் சுரங்கத்தில் இருந்தவர், இப்போது இல்லை. என் கதைகளைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மடியில் அவரைக்காயைக் கொட்டி உரித்துக்கொண்டே வருவார். அன்றும் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஓடுனான்?" என்றார்.

"யாருக்கா?"

"அந்தாளு. நொரையோட ஓடுனான்றியே, எங்க ஓடுனான்?"

"தெருவுக்கு. வெட்ட வெளிக்கு."

"ஷாஃப்டாண்ட ஓடலயா?"

"சுரங்க வாய்க்கு எதுக்குக்கா ஓடணும்?"

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ இந்த ஊர்ல தானே பொறந்த? நாங்கல்லாம் எங்க ஓடுனோம்? அடுப்ப அப்டியே உட்டுட்டு, கொழந்தய இடுப்புல தூக்கிக்கினு ஷாஃப்டாண்டதான ஓடுவோம். ஆளுங்கள ஏத்திக்கினு கேஜு மேல வர்ற வரிக்கும் அங்கயேதான் நிப்போம். வாசல்ல ஒக்காந்துக்கினு வேடிக்கை பாத்தவ எவ?"

"சலூன்ல யாரும் எழுந்திருக்கல, நான் பார்த்தேன்."

"சலூன்ல ஒக்காந்திருந்தவங்களுக்கு அன்னிக்கு ஷிஃப்டு இல்ல நைனா. வீட்ல வேற ஆளு கீழ போவல. அவுங்க எதுக்கு எழுந்திருக்கணும்? உங்கப்பா அன்னிக்கு எங்க?"

யோசிக்க வேண்டியதில்லை. அப்பா காலை ஷிஃப்டில் கீழே இருந்தார். அதனால்தான் நான் தனியாகச் சலூனுக்கு அனுப்பப்பட்டேன்.

"அப்ப உங்கம்மாவும் எங்க கூடதான் நின்னுக்கினு இருந்திருக்கும். எத்தினியோ வாட்டி பாத்துக்கீறேன். ஒருவாட்டி கையெல்லாம் மாவு, கழுவாமயே வந்துச்சு."

நான் முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்பிடம் இருந்தாள். எங்கேயும் போய் வந்த மாதிரி தெரியவில்லை. அப்பாவும் ஷிஃப்ட் முடிந்து வழக்கம்போல வந்து சாப்பிட்டுப் படுத்தார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊரே அசையாமல் இருந்தது என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"கத நல்லாதான் கீது," என்றார் அக்கா, மறுபடி உரிக்க ஆரம்பித்து. "ஆனா ஓடுனவன புடிச்சி ஜெயில்ல போட்டா, எங்க எல்லாரையும்தான் போடணும்."

ஃபிட்டர் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயதுகூட ஆகவில்லை, சுரங்கம் மூடும்போது கைக்குழந்தைக்குச் சற்றுப் பெரியவன். அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வரியை மாற்றினால் தீருமா என்று ஒயிட்ஃபீல்ட் வரை யோசித்துப் பார்த்தேன். தீராது. பெண்கள் ஷாஃப்டுக்கு ஓடினால் லைன் காலி. லைன் காலி என்றால் ஏழு சாட்சியும் பொய். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டுப் போயிருக்கலாம். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எல்லாம் போனது. கடைக்காரரின் கடைசிப் பேச்சு, எனக்கு மிகவும் பிடித்த பேச்சு, ஒரு அப்பாவியைத் தூக்கில் போடுகிற பேச்சாகிவிட்டது.

குடோன் கேட்டிலிருந்து ஆசிரியருக்குப் போன் செய்தேன். நாவலை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"சார், திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது."

"தப்பு இருக்குங்க. எங்க ஊர்ல ஓடுவாங்க."

"நான் அன்னிக்கே கேட்டேன் இல்ல சார்?"

"கேட்டீங்க."

"மூணு வாரம் எனக்குப் பாடம் எடுத்தீங்க."

"எடுத்தேன்."

"இப்ப யாரு சார் கவனிக்கப் போறாங்க? மெட்ராஸ்ல, மதுரைல யாருக்குத் தெரியும்?"

"மாரிகுப்பம் வண்டியில கவனிப்பாங்க."

"அங்க எத்தன காப்பி போகும்?"

"ஒண்ணு. ஒருத்தர் வாங்கினா வண்டி முழுக்கப் படிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. தன்னிடம் இன்னொருவர் நாவல் தயாராக இருக்கிறது, அதைப் போட்டுவிடலாம், ஆனால் விளம்பரம் கொடுத்துவிட்டு வராமல் போனால் என் இடத்தைத் திரும்பத் தருவது தன் கையில் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. கேட்டில் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. நிறுத்திவிடுங்கள் என்றேன். எல்லா வேலையையும் விட்டுவிட்டு வந்தவன்தான் நான். ஆனால் அவையெல்லாம் எனக்கு வேண்டாத வேலைகள். இது வேண்டும்.

அடுத்த மாதம் வேறு ஒருவருடைய நாவல் வந்தது. பங்காருபேட்டை ஸ்டேஷன் கடையில் தொங்கியது. வாங்கிப் படித்தேன். முப்பதாம் பக்கத்தில் கொலைகாரன் தெரிந்துவிட்டான். அதற்குக்கூடச் சந்தோஷப்பட முடியவில்லை.

இப்போது அந்த நாவலைத் திருத்த உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். ஏழு சாட்சிகளில் ஐந்தை அடித்தாயிற்று, ரோட்டில் ஓடும்போது லைனின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கக்கூடிய இரண்டு பேர் மட்டும் மிச்சம். லைன் எவ்வளவு நேரம் காலியாக இருக்கும் என்று தெரியாமல் கொலையை வைக்க முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டனில் எங்கள் பழைய வீட்டு வாசலிலிருந்து ஷாஃப்ட் வரை, போனில் நேரம் வைத்துக்கொண்டு நடந்தேன். பதிமூன்று நிமிஷம். ஷாஃப்டைச் சுற்றி இப்போது வேலி, முள்ளும் புதரும். அம்மா எந்த இடத்தில் நின்றிருப்பாள் என்று தெரியவில்லை. திரும்பி வந்து மறுபடி வேகமாகப் போனேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒன்பது நிமிஷம். அந்த லைனில் இப்போது குடியிருக்கிறவர்கள், இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வண்டியில் அக்காவிடம் சொன்னேன்.

"ஒம்பதா?" என்றார். "நாங்க அஞ்சுல போயிடுவோம். அதுவும் கொழந்தயோட."

"அஞ்சு நிமிஷத்துல எப்படிக்கா?"

"ரோட்டு மேல போனியா?"

"ஆமா."

"ரோட்டு மேல யாரு போவாங்க? பின்னால வேலிய தாண்டி, ஸ்டோர் பக்கமா உள்ள பூந்து போவணும். ஒம்பது நிமிஷம் எங்களுக்கு ஏது?"

பின்பக்கமாகப் போவதென்றால் லைனின் முன்பக்கம் யார் வந்தார்கள் என்பதை ஒருத்தியும் பார்த்திருக்க முடியாது. பேனாவை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு சாட்சிகளையும் அடித்தேன். மாலூர் தாண்டியிருந்தது. ஃபிட்டர் எட்டிப் பார்த்தான்.

"இப்ப யாருண்ணா கொன்னது?"

"தெரியாது," என்றேன். அது பொய்யில்லை.