பழனிக்கென்று போன பயணம்

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போன அன்று என்னிடம் இருந்த ஒரே குறை, நான் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்ததுதான். பிரஷர் சரி, சீனி சரி, இரத்தமும் போதிய அளவு. மாத்தளை டவுனில் எங்கள் கடையில், மிளகு மூட்டைக்கும் கராம்பு மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவள் நான். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, இனி இல்லை என்று விட்டிருந்த வேளையில் வந்த கர்ப்பம் அது.

டாக்டர் திரையை நெடுநேரம் பார்த்தார். வெளியே இருந்த என் கணவரைக் கூப்பிட்டு, இருவரையும் உட்கார வைத்துச் சிங்களத்தில் சொன்னார். பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. மூளையும் பெரும்பாலும் இல்லை. உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரம்தான்.

"அப்படியென்றால் இப்போதே எடுத்துவிட முடியாதா?" என்று கணவர் கேட்டார்.

முடியாதாம். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் சட்டம் இடம் கொடுக்கும். எனக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று என் கிளினிக் அட்டையைப் புரட்டிக் காட்டினார். போன மாதம் இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கும் இதே நிலைதானாம். அவளும் நல்ல ஆரோக்கியமாம். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் எழுந்தபோது, "நீங்கள் வியாபாரத்துக்கு இந்தியா போய் வருகிறவர்கள்தானே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் பேசினால் அவருக்கு வில்லங்கம்.

அந்த வாரம் முழுவதும் ஊர் என்னைத் தாங்கியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அரசாங்க மிட்வைப் வீடு தேடி வந்து திரிபோஷ சத்துமாவுப் பைக்கற்றுகளை வைத்துவிட்டு, "நல்லா சாப்புடுங்க, புள்ளைக்கு மூளை வளரணும்" என்றார். தலையாட்டினேன். எதிர்வீட்டு அக்கா என் வயிற்றைப் பார்த்து, பையன்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இரவில் பிள்ளை அசையும். அது அசைந்தபோதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இடம் கொடுக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். கணவர்தான் பழனியைக் கண்டுபிடித்தார். கர்ப்பிணியை விமானத்தில் கூட்டிப்போக ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம் வேறு இல்லை.

"பழனிக்கு ஒரு நேர்த்தி இருக்கும்மா. அவளையும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்று தன் அம்மாவிடம் சொன்னார். என் மாமி அவரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "சரி, போயிட்டு வாங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார். எதிர்வீட்டு அக்கா விபூதி கேட்டார். சட்டம் என்னைத் தடுத்த விஷயத்துக்குத் தெருவே கும்பிட்டு வழியனுப்பியது.

சென்னையில் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இன்னொரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு சம்மதத் தாளை என் முன்னால் வைத்தார். கணவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நீங்க வேணாம் சார். அவங்க போட்டா போதும்."

பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தனை நாளும் என் வயிற்றைப் பற்றி எல்லோருக்கும் ஒரு சொல் இருந்தது. கடலைத் தாண்டி வந்த பிறகுதான் என்னிடம் கேட்டார்கள்.

"சிலோன்னு சொல்றீங்க, உங்க தமிழ் எங்க ஊர்த் தமிழ் மாதிரியே இருக்கே?" என்றார் டாக்டரம்மா.

"எங்க பாட்டன் பூட்டனெல்லாம் இந்தப் பக்கந்தாங்க. பொழைக்க வழியில்லன்னு அங்க போனாங்க" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் எல்லாம் முடிந்தது. வலித்தது. பயந்தது போல இல்லை. பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். துணியில் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். பையன்தான். கால் விரல்கள் என் மகளுடையவை போலவே இருந்தன.

பழனிப் பக்கமே நாங்கள் போகவில்லை. விபூதியையும் பஞ்சாமிர்தத்தையும் சென்னைக் கடை ஒன்றில் வாங்கினோம். ஊருக்கு வந்து, போன இடத்தில் கலைந்துவிட்டது என்றோம். மிட்வைப் அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, "அஞ்சாம் மாசத்துல யாராவது பிளேன்ல போவாங்களா?" என்று ஏசினார். தெருவும் அதையே சொன்னது. பயணத்தைக் குறை சொன்னார்கள், வெயிலைச் சொன்னார்கள், என் கணவரின் பக்தியைக்கூடச் சொன்னார்கள். பஞ்சாமிர்தம் மட்டும் நன்றாக இருந்ததாம்.

எனக்குப் பால் சுரந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டை நனைந்து அறைக்குள் ஒளிந்திருந்தபோது மாமி மல்லிகைப்பூவோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்கு.

"புள்ளைக்கு என்னா?" என்று கட்டிக்கொண்டே கேட்டார்.

சொன்னேன். மண்டையோடு இல்லாததையும், டாக்டர் சொன்னதையும், சென்னையையும்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். பழனிக்கு நேர்த்தின்னு போனவன் தல நெறைய முடியோட வந்து நிக்கிறான். பொய் சொன்னா ஒழுங்கா சொல்ல வேணாமா?"

முடிச்சைப் போட்டு, என் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் தொணைக்கு வந்திருப்பேன்ல" என்றார். நான் அவர் மடியில் தலையை வைத்து, ஊரை விட்டுப் போன நாளிலிருந்து அழாததையெல்லாம் அழுதேன்.

மறுநாள் காலை மாமி தன் மகனை மொட்டையடிக்கச் சலூனுக்கு விரட்டினார். போன இடத்தில் துக்கம், அதனால் மொட்டை நேர்த்தியை ஊரில் முடித்தான் என்று தெருவுக்குச் சொன்னார். எதிர்வீட்டு அக்காவுக்கு அது போதவில்லை.

"கோயில்ல கூட்டமாங்க?"

"ஐயோ, கூட்டமா? மலையேறுறதுக்குள்ள உயிரு போயிருச்சாம்" என்றார், வாழ்நாளில் கடல் தாண்டியிராத என் மாமி.