அறுபத்தொரு தட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மோட்டார் மேல் பதிக்கும் தகட்டில் எழுத்துப் பொறிக்கிற மெஷினில் என்னையும் இன்னொருத்தியையும் போட்டார்கள். அவள் திருநெல்வேலிப் பக்கம், நான் கல்லாவி. ஒரே அறையில் தங்கி ஒரே பானையில் பொங்கித் தின்றோம். பயிற்சி முடிந்ததும் இருவரில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மற்றவள் ஊருக்குப் போகவேண்டியதுதான். எனக்கு ஊர் என்றால் களை பறிப்பது, அப்புறம் எவனோ ஒருவனுக்குக் கழுத்தை நீட்டுவது.

அந்த மெஷினுக்கு டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக் கட்டைகள் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் திரையில் நாலு வரிசையாக நிற்கும். நாலு திசைக்கு நாலு பட்டன், பதிய ஒரு பச்சைப் பட்டன். திரையில் ஓடுகிற வெளிச்சக் கட்டத்தை வேண்டிய எழுத்துவரை தட்டித் தட்டி நகர்த்தணும். ஒரு தகட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டு. ஒருநாள் கை தவறி வரிசையின் ஓரத்தைத் தாண்டி ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டேன். வெளிச்சக் கட்டம் நேரே மறு ஓரத்தில் போய் நின்றது. மேலே தாண்டினால் அடியில் வந்தது. விடுவேனா? ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் குறுக்குவழி எண்ணினேன். அறுபத்தொரு தட்டில் தகடு முடிந்தது. அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மிஞ்சிய நேரத்தில் கதை பேசினோம்.

கம்பெனி முழுக்க எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வேலைக்கு ஆகிற நேரத்தை அளக்கக் கடிகாரம் பிடிக்கிற என்ஜினியர் வந்தால் கை மெதுவாக ஓடணும். அன்று அவர் குறித்துக்கொள்ளும் வேகம்தான் எல்லோர் தலையிலும் விடியும். அவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவளே சொன்னாள்.

"ஏ பிள்ள, ரெண்டு பேரும் பழையபடியே சுத்தித்தான் போகணும், கேட்டியா?"

"செரி" என்றேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

என்னை முதலில் உட்காரவைத்தார். சொன்னபடி நூற்றுப் பன்னிரண்டும் சுற்றினேன். அடுத்து அவள். ஓரம் தாண்டினாள், மேலே தாண்டினாள், அறுபத்தொன்றில் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். என்ஜினியர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"நானே எண்ணிப் பாத்தேன் சார்."

அது என் கண்டுபிடிப்பு என்று சொன்னால், "அப்புறம் ஏன் மெதுவாத் தட்டுன?" என்பார். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் என்னை அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "பாத்துக் கத்துக்கோ."

அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள், என் எண்ணிக்கையை, என் வரிசையிலேயே. பாதியில் ஒன்பதிலிருந்து 'ஏ'வுக்குப் போகும் வழி மறந்து விரல் நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வலக்க ரெண்டு, கீழ ஒண்ணு" என்றேன்.

என்ஜினியர் சிரித்துவிட்டு அவளிடம் சொன்னார்: "பரவால்லியே, நல்லா சொல்லிக் குடுக்கறம்மா. அடுத்து வர்ற புள்ளைங்களுக்கும் நீயே கத்துக்குடு."