லியான்ட்ரோ வெட்டிய கொடிகள்

லியான்ட்ரோவின் சொந்த ஊர் சகாதெகாஸ் பக்கம். மண் வெடித்துக் கிடக்கும் பூமி. எங்கள் கத்தேமாக்கோ ஏரிக்கரையில் சாலை போட வந்தவன், எங்கள் தெரு நிக்கனோராவைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டான்.

மாமியாரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே துடிப்பு. மாமியார் கிறிஸ்பினா சந்தைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லை மரங்களில் ஏறிக்கொண்டிருந்த சின்னக் கொடிகளையெல்லாம் களையென்று நினைத்து வெட்டிக் குப்பையில் போட்டான்.

திரும்பி வந்தவள் மரங்களைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"பின்யனோனாவை எதுக்கு மாப்ள வெட்டினீங்க? பழத்துக்குன்னு வச்ச கொடியாச்சே."

"அதுவா அத்தை இது? அந்த இலை மொறம் மாதிரி பெருசா, ஓட்டை ஓட்டையா இருக்குமே. இது வெத்தலை மாதிரி முழுசால்ல இருந்துச்சு."

"ஏன், நீங்க மீசையோடதான் பொறந்தீங்களா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டுத் தாச்சோ வேலிமேல் சாய்ந்துகொண்டு, "எங்க கொல்லையில கோழிக்குஞ்சு மேயுது. காக்கான்னு நெனச்சு வெரட்டிடாத" என்றான்.

நிக்கனோராதான் சொன்னாள்: "கணு இருக்கிற துண்டா பாத்து எடுத்து வை. வேர் விட்டுரும்."

குப்பையைக் கிளறி முப்பத்தோரு துண்டுகள் தேற்றினான். மரத்துக்கு ஒன்றாக ஊன்றினான். ஒன்பது அழுகிப் போயின. மற்றவை பிழைத்து, பட்டையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறின. அடுத்த வருஷம் இலைகள் உள்ளங்கையைவிடப் பெரிதாயின. அப்போதும் முழு இலைதான். தினமும் காலையில் போய் அண்ணாந்து பார்ப்பான். இரண்டாம் வருஷ மழையில் ஒரு புது இலை சுருள் பிரிந்தது. ஓரத்தில் ஆழமாக ஒரு கீறல், நடு நரம்பை ஒட்டி இரண்டு ஓட்டைகள். அடுப்படியிலிருந்த நிக்கனோராவைக் கையில் ஒட்டிய மாவோடு இழுத்து வந்து காட்டினான். "பூச்சி அரிக்கலையே?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டான்.

நான்காம் வருஷம் காய் பிடித்தது. முற்றியதை அறுத்துத் துணியில் சுற்றி வைத்தார்கள். காய்மேல் இருந்த பச்சைச் செதில்கள் தாமாக உதிர்ந்ததும் வீடெல்லாம் அன்னாசியும் வாழையும் கலந்த மணம். முதல் துண்டைக் கிறிஸ்பினா வாயில் போட்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான் லியான்ட்ரோ.

"நல்லாத்தான் இருக்கு" என்று விரலைத் துடைத்துக்கொண்டாள். "ஓடைப் பக்கம் ஆறு மரம் சும்மா நிக்குது மாப்ள. மழைக்கு முன்னாடி அதுலயும் ஏத்திவிடுங்க."