சூசை மாணிக்கம் ஊதாத விசில்

திங்கட்கிழமை காலை அச்சுக்கூடத்தில் ஒரு துண்டுக் காகிதம் என் கைக்கு வந்தது. மரண அறிவிப்பு. கறுப்புக் கட்டம் போட்டு அன்று மத்தியானத்துக்குள் அடித்துக் கொடுக்க வேண்டும். எழுத்துக் கோப்பது என் வேலை. பெயரைப் படித்தேன்: சூசை மாணிக்கம். ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாராம். காகிதத்தைக் கொண்டுவந்த அவருடைய தம்பி கண் சிவந்து நின்றார். அதில் 'அன்பே உருவான' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லையும் நான்தான் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்கினேன். பிழை விடவில்லை. அதை நம்பவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நம் பையன்கள் பந்தாட்டச் சபையின் செயலாளர் வந்தார். இரங்கல் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். ஆறு வருடம் அவரோடு மல்லுக்கு நின்றவன் நான், என்னிடமா கேட்கிறீர்கள் என்றேன். அதனால்தான் கேட்கிறேன் என்றார் அவர். "மத்தவங்க எல்லாம் மாலை போட்டுப் புகழ்ந்துதான் பேசுவாங்க லா. நீங்க இருக்கறதை எழுதுங்க அண்ணே."

இருப்பதை எழுதுகிறேன். இதைக் கேட்கப்போகும் உங்களில் பாதிப்பேர் பாடாங் திடல் ஓரத்தில் நின்று அவரைத் திட்டியவர்கள்தான். இப்போது படத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் செத்துப்போனதால் பிடித்துவிடவும் இல்லை.

சூசை மாணிக்கம் ஈயக் கிடங்கில் நிறுவைக் குமாஸ்தா. வாரம் முழுக்க ஈயப் பாளத்தை நிறுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பையன்களை அளப்பார், பிறகு விசிலோடு ஆட்டத்துக்கு நடுவராக இறங்குவார். நம் பையன்களுக்குப் பிறந்த தேதி எழுதிய காகிதம் ஏது? தாய் ஒரு வயது சொல்வாள், தகப்பன் ஒன்று சொல்வான். அதனால் வயதை விட்டுவிட்டு உயரத்தை வைத்து வகுப்புப் பிரித்தார்கள். நாலடி எட்டு அங்குலத்துக்குள் இருப்பவர்கள் சின்ன வகுப்பு, ஐந்தடிக்குள் இருப்பவர்கள் பெரிய வகுப்பு. அவர் வருவதற்கு முன் அதையும் யாரும் அளந்து பார்த்ததில்லை. மீசையை மழித்துக்கொண்டு வந்து சின்ன வகுப்பில் ஆடியவர்கள் உண்டு. அவர்தான் ஒரு தேக்குக் கழியில் இரண்டு இடத்தில் பித்தளை ஆணி அடித்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு பையனையும் வெறுங்காலோடு அதன் பக்கத்தில் நிறுத்தினார். இந்த நன்மையை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதை அவர் செய்த விதம் இருக்கிறதே! கப்பலில் வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பையன், உச்சியில் முடிந்த குடுமியோடு கழிக்கு அருகே நின்றான். குடுமி ஆணியைத் தாண்டியது. சுற்றி இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவன் கூசியதை அவர் கவனிக்கவே இல்லை. "குடுமி பந்தாடாது. அவிழ்த்துடு" என்றார். பையன் அவிழ்த்தான். தலைமயிர் முகத்தில் விழ, அதற்குள்ளேயே அழுதான். அவர் அளந்து முடித்து, "ஆடலாம். அடுத்தவன்" என்றார்.

எனக்கும் அவருக்கும் பகை மூண்டது காளியப்பனால். நான் நடத்திய எங்கள் சாலைப் பையன்கள் குழுவில் அவன்தான் முன்னணி ஆட்டக்காரன். புக்கிட் மெர்தாஜாமில் ரயில் வேலை பார்த்தவரின் மகன். பட்டணத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். இறுதி ஆட்டம் நெருங்கியபோது சின்ன வகுப்பு அளவை மயிரிழை தாண்டிவிட்டான். பகலெல்லாம் ஓடியாடிப் பாரம் சுமந்தால் சாயங்காலம் மனிதன் கொஞ்சம் குறைவான் என்று எனக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து அவன் தலையில் அரிசிக் கோணியை ஏற்றித் தண்ணீர்மலை ரோட்டில் நடக்கவிட்டேன். ஆமாம், செய்தேன். உங்களில் சிலரும் செய்திருக்கிறீர்கள்.

கழிக்கு அருகே காளியப்பன் சரியாக ஆணிக்குக் கீழே நின்றான். சூசை அவன் கழுத்தைப் பார்த்தார். கோணி அழுத்திய சிவப்பு இன்னும் மறையவில்லை. "படு" என்றார். பையனுக்குப் புரியவில்லை. "புல்லுல மல்லாந்து படு." கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பையனைப் பிணம்போல நீட்டிப் படுக்கவைத்துப் பக்கத்தில் கழியை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கவிட்டு மறுபடி அளந்தார். ஒரு விரல் கூடுதல். "தலைக்கு மேல சுமையை ஏத்தினது யாரு?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். யாரோ சிரித்தார்கள். காளியப்பன் எழுந்து, முதுகில் ஒட்டிய புல்லைக்கூடத் தட்டாமல் போனான். அடுத்த வாரமே தகப்பனிடம் போய்விட்டான். பிறகு அவன் பந்தைத் தொட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தப்பு என்னுடையது என்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பையனைப் படுக்கவைத்திருக்க வேண்டாம். அதுவரை அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து 'மிஸ்டர் சூசை' ஆனார். அவர் கடைசிவரை என்னைத் 'தம்பி' என்றேதான் அழைத்தார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அடுத்த வருடம் நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. என் அக்கா மகன் முருகேசுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். நாலடி நாலு அங்குலம்தான் உயரம், ஆனால் ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. பெரிய வகுப்பில் எனக்கு ஒரு ஆள் குறைந்தது. அவனை இறக்கினேன். சூசை அவனைக் கழியருகே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இவன் சின்ன வகுப்புப் பையன். இங்க எதுக்கு நிக்கிறான்?"

"ஐந்தடிக்குள்ளதானே இருக்கான், மிஸ்டர் சூசை? குட்டையா இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல" என்றார். ஆடவிட்டார். சட்டத்தை வைத்து அவர் வாயை அடைத்துவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இடைவேளைக்கு முன்பு துறைமுகப் பையன்கள் குழுவின் தடித்த பையன் ஒருவன் மோதி முருகேசு விழுந்தான். முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். சூசை அவனைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். விசில் உதட்டில் இருந்தது. ஊதவில்லை. பந்து வெளியே போகவில்லை, ஆட்டம் நடக்கட்டும் என்று கையை வீசிக் காட்டினார். பந்து சுற்றி அதே இடத்துக்கு வந்தது. அதைத் துரத்தி வந்தவர்களில் இருவர் கால் தடுக்கி அவன்மேல் விழுந்தார்கள், அந்தக் கையின்மேலேயே. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

நான் உள்ளே ஓடினேன். சூசையின் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். அவர் இரண்டடி பின்னால் போய் நின்றார். அப்போதுதான் விசிலை ஊதினார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அனுமதியில்லாமல் வெளியாள் திடலுக்குள் வந்ததற்கு. ஆட்டத்தை எதிர்க்குழுவுக்குக் கொடுத்தார். ஒரு வருடம் நான் திடல் ஓரம் வரக் கூடாது என்று சபைக்கு எழுதினார். அதையெல்லாம் அவர் குறித்துக்கொண்டிருந்தபோது நான் பையனைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

முருகேசுவின் வலக்கை முழங்கை அதன்பின் மடங்கவில்லை. சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இடக்கையால் சாப்பிடப் பழகியபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகம் சுளித்ததை என் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலம் தெரிந்த நண்பர் ஒருவரை வைத்து ஆட்ட விதிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். சின்னக் காயமென்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் நடக்கலாம். பெரிய காயமென்று நடுவர் கருதினால் உடனே நிறுத்த வேண்டும். அதைத் தமிழில் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியிலேயே நிறுத்தினார். உள்ளிருந்து அவர் மனைவி யாரென்று கேட்டார். "சட்டம் பேச வந்திருக்காரு" என்றார்.

நான் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. சின்னக் காயம்னு நெனச்சேன். நெனச்சது தப்பு."

அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார், வந்து பார்க்கிறேன் என்பார், எதுவானாலும் சரி. தெருவில் ஒரு டிராம் கடந்து போனது. அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவர்மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதை அந்தப் படியில் போயிற்று.

என் ஒரு வருடத் தடை முடிந்து நான் வந்த முதல் கூட்டத்தில் அவர் ஒரு புது விதியைக் கொண்டுவந்தார். ஒரு வகுப்பின் அளவுக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் குறைந்த பையன் அந்த வகுப்பில் ஆடக் கூடாது. யாருக்காகக் கொண்டுவருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் எதிர்த்துக் கை தூக்கினேன். விதி கெட்டது என்று நினைத்ததால் அல்ல, அது அவர் வாயிலிருந்து வந்ததால். ஒரே ஒரு கை அதிகமாகி விதி நிறைவேறியது. நான் தோற்றதற்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன், அவருக்கு அல்ல.

அந்த வருடத்திலிருந்து எவன் விழுந்தாலும் ஊத ஆரம்பித்தார். தடுக்கி விழுந்தாலும் ஊதுவார், வழுக்கி விழுந்தாலும் ஊதுவார். பையன்கள் அதைக் கண்டுகொண்டு வேண்டுமென்றே விழுந்தார்கள். ஓர் இறுதி ஆட்டத்தில் எங்கள் பையன் கோல் காப்பவனையும் தாண்டிவிட்டான். காலால் தட்டினால் போதும். பின்னால் எங்கோ துறைமுகக் குழுப் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விசில். கோல் இல்லை. அந்தப் பையன் எழுந்து சிரித்துக்கொண்டே ஓடினான். ஆட்டம் முடிந்ததும் நான் போய் நியாயம் கேட்டேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எழுந்துட்டான் இல்ல தம்பி? எழுந்தா நல்லதுதானே" என்றார்.

விழுந்தால் ஊதுவதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். நான் ஏற்கவில்லை. ஊரில் உள்ள பையன்களுக்கெல்லாம் ஊதியவர், என் அக்கா வீட்டுக் கதவை ஒருமுறை தட்டவில்லை. ஐந்து நிமிடம் நடந்தால் வந்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். நான் போகவில்லை. முருகேசு போனான். இப்போது பதினேழு வயது. மளிகைக் கடையில் இடக்கையால் சீட்டு எழுதுகிறான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவனை வாசலில் மறித்தேன். உன்னை இப்படி ஆக்கிய மனிதனுக்கா மண் போடப் போகிறாய் என்று கேட்டேன்.

"ஒடஞ்சது என் கை மாமா" என்றான். "அன்னைக்கு என்னை எறக்கினது நீங்க. உங்க கூடத்தான் நான் தெனமும் ஒக்காந்து சாப்பிடறேன்."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வாசலில் நின்றேன். ஐந்து வருடமாக இந்த வார்த்தையை யார் முதலில் சொல்லப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவனே சொல்லிவிட்டான்.

அதனால் சூசை மாணிக்கத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். என் பங்கு எனக்கு, அவர் பங்கு அவருக்கு. விசில் அவர் உதட்டில் இருந்தது. வாசற்படியில் ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. இரண்டையும் அவர் கொண்டுபோய்விட்டார்.

வேறு ஆள் கிடைக்காததால் போன சனிக்கிழமை அளக்கிற வேலையைச் சபை என்னிடம் கொடுத்தது. பெரிய வகுப்பு வரிசையில் ஒரு பொடியன் நின்றான். அளந்தேன், ஏழு அங்குலம் குறைவு. சின்ன வகுப்புக்குப் போ என்றேன். அவன் தகப்பன் என் முகத்துக்கு நேரே வந்து, அவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எத்தனை கெஞ்சியும் நான் அசையாததால், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

சூசை மாணிக்கத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு விதியை மட்டும்தான், அவரை அல்ல. அந்தப் பொடியன் கோட்டுக்கு வெளியே போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக் கசக்கி அழுதான். ஆட்டம் தொடங்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.