தணல் சட்டியும் கேக் மணமும்

மகளுக்குக் கேக் அடிப்பதென்றால் உயிர். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நானும் அவளும் குசினியில் மாக் குழைத்துக்கொண்டிருந்தோம். மா பறக்கிறதென்று கதவையும் ஜன்னலையும் சாத்தியது நான்தான்.

"வாப்பா, கூழ்முட்டை மணக்குது."

"நல்ல முட்டைதான் மகள்."

"ஒங்கட மூக்குல சளி. நல்லா மணந்து பாருங்க!"

சிரித்துக்கொண்டே கலவையைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தேன். நாற்றம் கூடியிருந்தது. இன்னும் பற்றவைக்காத அடுப்புக்குக் கீழே 'ஸ்' என்று மெல்லிய சத்தம். காஸ் குழாய் கழன்று கிடந்தது.

அப்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடிந்தது. வியாழன் அந்தியோடு எங்களுக்குத் தொடங்கிவிடும் வெள்ளி இரவுக்குச் சாம்பிராணி புகைக்க, தணல் சட்டியோடு மனைவி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுப் பிடி அசைந்தது.

கடையில் சத்தமாகச் சாமான் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான்.

"வராத! காஸ்! தணல வெளிய கொண்டு போ!" என்று கத்தினேன். மகள் அழுதுவிட்டாள். செருப்புச் சத்தம் விலகிப் போனது. சிலிண்டரை மூடி, எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

"இந்த மனிசனுக்கு இவ்வளவு சத்தம் இருக்கா?" என்றாள் மனைவி.

இன்றும் வியாழன்தோறும் தணலோடு குசினி வாசலில் நின்று, "வரட்டா?" என்று கேட்கிறாள். நாலு பக்கமும் மணந்து பார்த்த பிறகுதான் "ஓம்" என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது.